சாரலுக்கும் கிரிஸமேக்கும் நடுவே

ஆனி பிறந்து மேல்காற்று எழுந்துவிட்டால், தென்காசிக் கோபுர வாசலில் நிற்பவரை அந்தக் காற்று பிடித்துத் தள்ளும். மேற்கே பார்த்தால் குற்றால மலை பாதி மறைந்திருக்கும். மறைத்திருப்பதை ஊர்க்காரர்கள் மழை என்று சொல்வதில்லை; சாரல் என்பார்கள். குடை அதற்கு உதவாது. மேலிருந்து விழாமல் பக்கத்திலிருந்து வந்து முகத்தில் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் நடந்த பிறகும் நனைந்தோம் என்று சொல்ல முடியாது, நனையவில்லை என்றும் சொல்ல முடியாது. சாரல் என்ற சொல்லுக்கு அகராதிகள் மலைச்சரிவு என்றும் பொருள் தருகின்றன, காற்றில் சாய்ந்து விழும் மழை என்றும் தருகின்றன. மலையும் மழையும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறின என்று அறிய வேண்டுமானால், ஆடி மாதத்தில் ஒருநாள் ஐந்தருவிச் சாலையில் நடந்து பார்த்தால் போதும்.

இந்த ஊரில் உட்கார்ந்து ஒருவர் ஜப்பானிய மொழி கற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று இது அரிய காட்சியன்று. 1998இல் முதலில் வெளிவந்து உலகெங்கும் பாடநூலாக வழங்கும் 'மின்னா நோ நிஹோங்கோ'வின் முதன்மை நூல் ஜப்பானிய மொழியிலேயே இருக்கிறது. சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் மொழிக்கொரு தனி நூலாக வருகின்றன. நம்மவர் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்பு நூல்தான். கைபேசியில் உள்ள அகராதிகள் பலவற்றுக்கும் அடித்தளம், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய ஜப்பானிய-ஆங்கிலச் சொற்கோப்பு. ஆகவே கற்பவரின் குறிப்பேட்டில் இயல்பாகவே மூன்று பத்திகள் உருவாகின்றன: ஜப்பானியச் சொல், ஆங்கிலப் பொருள், மனத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல்.

கிரிஸமே என்ற சொல் வருகிறது. எதிரே 'டிரிஸில்' என்றிருக்கிறது. டிரிஸில் என்றால் தூறல் என்று பள்ளியில் படித்தாயிற்று. எனவே கிரிஸமே என்றால் தூறல். எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறார். ஜப்பானியர் அச்சொல்லில் வைத்திருப்பது மூடுபனியைப் போன்ற நுண்மழை. கிரி என்றால் மூடுபனி, அமே என்றால் மழை; சேரும்போது கிரிஸமே. அதற்கு நெருங்கிய உறவினர் ஒருவர் அந்த நேரத்தில் மலையிலிருந்து இறங்கி ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறார். நடுவில் நிற்கும் ஆங்கிலச் சொல் அவரைப் பார்க்க விடுவதில்லை.

இழப்பு சிறியதுதான். ஆனால் இப்படி மூன்றாவது மொழி ஒன்றின் தோள்மீது ஏறி இன்னொரு மொழியை எட்டிப் பார்ப்பது இன்று தொடங்கிய வழக்கமன்று. அதன் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி நெல்லைச் சீமையிலேயே நடந்திருக்கிறது. வியப்பு என்னவென்றால், அதே கதை அதே மனிதரோடு ஜப்பானுக்கும் போயிருக்கிறது.

*

குற்றால அருவிநீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலை அடைகிறது. அந்த முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். உள்நாட்டில், தென்காசியில், பிற்காலப் பாண்டியர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. தம் தாய்மொழி பாஸ்க் என்றும், பரதவ மக்களின் மொழி மலபார் என்றும், அதனால் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இயலவில்லை என்றும் அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 'மலபார்' என்று ஐரோப்பியர் அன்று குறித்தது தமிழைத்தான். இரு மொழியும் ஓரளவு தெரிந்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு, பெருமுயற்சிக்குப் பிறகு மந்திரங்களைத் தமிழாக்கினார். லத்தீனில் பிறந்த வாசகம் போர்த்துகீசியம் அறிந்தவர் வாய்வழியாகத் தமிழுக்கு வந்தது. அதை அவர் மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சொல்லிக்கொடுத்தார்.

1544இல் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில் சவேரியார் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாச மந்திரத்தில் 'எனக்கு வேணும்' என்று வருமிடத்தில் 'விசுவாசம்' என்று மாற்றிச் சொல்லுங்கள். வேணும் என்றால் விரும்புகிறேன் என்றல்லவா பொருள்? அதாவது 'நம்புகிறேன்' என்று சொல்ல வேண்டிய மக்கள், ஓராண்டுக்கும் மேலாகக் கடற்கரையில் கூடி நின்று 'எனக்கு வேண்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மொழிபெயர்த்தவர் தமக்குத் தெரிந்த அளவில் ஒரு சொல்லைக் கொடுத்தார். வாங்கியவருக்கு அதைச் சோதிக்க வழியில்லை.

1547இன் இறுதியில் மலாக்காவில் சவேரியார் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். அஞ்சிரோ கோவாவுக்கு வந்து, திருமுழுக்குப் பெற்று, போர்த்துகீசியம் கற்றார். 1549 ஆகஸ்டில் இருவரும் ககோஷிமாவில் இறங்கினார்கள். கடவுள் என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் எது நேர் என்று கேட்டபோது அஞ்சிரோ கொடுத்த சொல் 'தாய்நிச்சி'. ஷிங்கோன் பௌத்தத்தில் அது மகாவைரோசன புத்தரின் பெயர். சவேரியார் தாய்நிச்சியைத் தொழுங்கள் என்று போதித்தார். ஷிங்கோன் துறவிகள் அவரைத் தம் மதக்கிளையைச் சேர்ந்தவராகவே எண்ணி மகிழ்ந்து வரவேற்றார்கள். 1551இல் யாமகுச்சியில் பிழை தெரியவந்ததும் அந்தச் சொல்லைக் கைவிட்டு லத்தீனின் 'தேயுஸ்' என்பதையே வைத்துக்கொண்டார். எதிர்ப்பாளர்கள் அதைத் 'தாய் ஊஸோ' என்று திரித்தார்கள். பெரும்பொய் என்று பொருள்.

புன்னைக்காயலிலும் யாமகுச்சியிலும் நடந்தது ஒரே வகைப் பிழை. இரு சொற்களுக்கு நடுவே ஒரு சமக்குறி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை அது. ஒரு சொல் தன் மொழிக்குள் யார் யாரோடு உறவாடுகிறது என்பதைச் சமக்குறி சொல்வதில்லை.

*

அனுபவம் அகராதிகளைப் பிறப்பித்தது. 1603இல் நாகசாகியில் இயேசு சபையார் ஜப்பானிய-போர்த்துகீசிய அகராதியை அச்சிட்டார்கள். அதில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அக்கால ஜப்பானியப் பேச்சை அறிய இன்றும் ஆய்வாளர்கள் அதைத்தான் நாடுகிறார்கள். 1679இல் கேரளத்தின் அம்பழக்காட்டில் அந்தாவோ த ப்ரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி அச்சாயிற்று. வத்திக்கானில் எஞ்சியிருந்த படியைக் கொண்டு தனிநாயகம் அடிகள் 1966இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே சபையின், ஒரே மொழியின் குழந்தைகள்.

பிறகு போர்த்துகீசியம் ஒதுங்கி ஆங்கிலம் வந்தது. 1862இல் சென்னையில் மிரன் வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1867இல், ஜேம்ஸ் கர்டிஸ் ஹெப்பர்னின் ஜப்பானிய-ஆங்கில அகராதி. இருவரும் அமெரிக்க மிஷனரிகள். ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து பின் சென்னைக்குப் போனவர். மற்றவர் யோகோஹாமாவில் மருத்துவம் பார்த்தவர். ஹெப்பர்னின் நூலை அச்சிட ஜப்பானில் வசதியில்லாததால் ஷாங்காய்க்குக் கொண்டுபோனார்கள். ஜப்பானியச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுத இன்றைக்கும் பயன்படும் முறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்த நூல்கள் யாருக்காகச் செய்யப்பட்டன என்பதை மறந்துவிடக் கூடாது. ஆங்கிலம் பேசும் ஒருவர் தமிழுக்குள் நுழைய ஒரு கதவு. அவரே ஜப்பானிய மொழிக்குள் நுழைய இன்னொரு கதவு. தமிழர் ஒருவர் ஒரு கதவு வழியாக வெளியே வந்து மறு கதவு வழியாக உள்ளே போவார் என்று அவற்றைச் செய்தவர்கள் நினைத்திருக்க முடியாது. இன்று நாம் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

நமக்கு வேறு மரபுகள் இல்லாமலில்லை. திவாகரமும் பிங்கலமும் சூடாமணி நிகண்டும் தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் சொன்னவை; ஒரு சொல்லை அதன் சுற்றத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்யவைத்தவை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்காசியை ஆண்ட அதிவீரராம பாண்டியர், வடமொழி நைஷதத்தை ஒட்டி நைடதத்தைத் தமிழில் பாடினார். அவருக்கும் மூலத்துக்கும் நடுவே மூன்றாம் மொழி ஒன்று நிற்கவில்லை. ஆனால் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கு முதலில் ஆங்கிலப் பொருள், அடுத்தே தமிழ்ப் பொருள். திருநெல்வேலிக்காரரான வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக்கொடுத்த மாபெரும் பணி அது. அதன் பெருமையை எவரும் குறைக்க முடியாது. தமிழைத் தமிழருக்கு விளக்கும் பக்கத்திலும் ஆங்கிலம் முந்திக்கொண்டு நிற்கும் நிலை அந்தக் காலத்தின் இயல்பாக இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

*

ஆங்கிலம் வழியாகப் போவதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். சில சொற்களை வைத்துப் பார்ப்போம்.

ஜப்பானிய மொழியில் கொரே, ஸொரே, அரே என்று மூன்று சுட்டுகள் உண்டு. பேசுபவர் அருகே இருப்பது கொரே. கேட்பவர் அருகே இருப்பது ஸொரே. இருவருக்கும் தொலைவில் இருப்பது அரே. வினா டொரே. ஆங்கிலப் பத்தியில் இவை 'திஸ்', 'தட்', மறுபடியும் ஒரு 'தட்' என்று நிற்கின்றன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வேறுபாடு விளக்க ஆங்கில நூல்கள் படம் போட்டு அம்புக்குறி இடுகின்றன. தமிழருக்கு அந்தப் படம் எதற்கு? இது, உது, அது, எது. உகரச் சுட்டைத் தமிழகப் பேச்சு தொலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் இன்றும் 'உது என்ன?' என்று கேட்பவர் கையில் இருப்பதைச் சுட்டுகிறார்கள். நம் இலக்கண வகுப்பில் உயிரற்றுக் கிடந்த ஒரு எழுத்து, ஜப்பானியப் பாடத்தின் முதல் வாரத்திலேயே எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

'வேர்' என்ற ஆங்கில வினை எல்லாவற்றையும் உடம்பில் ஏற்றிவிடுகிறது. ஜப்பானியர் சட்டைக்குக் கிரு என்பார்கள், கால்சட்டைக்கும் காலணிக்கும் ஹகு, தொப்பிக்குக் கபுரு, மோதிரத்துக்கு ஹமேரு. ஆங்கிலம் வழியே வருபவருக்கு இது தேவையற்ற சுமையாகத் தெரிகிறது. சேலையை உடுத்துகிறோம், பூவைச் சூடுகிறோம், நகையைப் பூணுகிறோம், செருப்பை மாட்டுகிறோம் என்று வளர்ந்த ஒருவர் இதில் திகைக்க ஒன்றுமில்லை. உடன்பிறந்தாரும் அப்படியே. அனி, அனே, ஒத்தோத்தோ, இமோத்தோ ஆகிய நான்கும் அண்ணன், அக்காள், தம்பி, தங்கை என்று வரிசையாக அமர்ந்துவிடும். நடுவில் ஆங்கிலம் வந்தால் ஒவ்வொருவருக்கும் மூத்த, இளைய என்று ஒரு அடைமொழி தேவைப்படுகிறது.

கொடுப்பது பற்றிய சொற்கள் இன்னும் நுட்பமானவை. பிறர் எனக்குத் தந்தால் குரேரு. நான் பிறருக்குக் கொடுத்தால் அகேரு. கொடுப்பவரும் பெறுபவரும் எந்தத் தகுதியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேறு சொற்களும் உண்டு. ஆங்கிலத்தில் எல்லாம் 'கிவ்'. தொல்காப்பியம் தருதலையும் வருதலையும் தன்மை முன்னிலைக்கு உரியனவாக்கி, செல்லுதலையும் கொடுத்தலையும் படர்க்கைக்கு வைக்கிறது. இழிந்தோன் ஈ என்பான், ஒத்தவன் தா என்பான், உயர்ந்தோன் கொடு என்பான் என்றும் வகுக்கிறது. இரு மொழிகளிலும் எல்லைக்கோடு ஒரே இடத்தில் ஓடவில்லை. ஆனால் அப்படியொரு கோடு இருக்கிறது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

*

இதைப் படிக்கும் சிலருக்கு இந்நேரம் ஒரு மகிழ்ச்சி பொங்கியிருக்கும்: அப்படியானால் தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரே குடும்பம்தானே? அங்கேதான் நிற்க வேண்டும்.

சுசுமு ஓனோ (1919–2008) ஜப்பானின் பெரும் மொழியறிஞர். பழைய ஜப்பானியச் சொற்களுக்கு இவானாமி நிறுவனம் 1974இல் வெளியிட்ட அகராதியின் ஆசிரியர்களுள் முதன்மையானவர். எழுபதுகளின் பிற்பகுதியில் தமிழ் பக்கம் திரும்பி, தம் கடைசிக் காலம் வரை இரு மொழிகளின் உறவை நிறுவ உழைத்தார். பொன். கோதண்டராமனும் யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் இணையரும் அவருக்குத் துணைநின்றார்கள். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் பொருள்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஜப்பானியச் சொல்லின் பொருளும் தமிழ்ச் சொல்லின் பொருளும் சந்திக்கும் இடம் அங்கே ஆங்கிலம்தான்.

அவர் இணைத்த சொற்களுள் ஒன்று 'அவாரே'. அதற்கு இணையாகத் தமிழில் அவலம். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் துயரம், இரக்கம் என்று எழுதினால் கைகோத்து நிற்கின்றன. ஆனால் பழைய ஜப்பானிய இலக்கியத்தின் அவாரே, அழகைக் கண்டு மனம் நெகிழ்வதற்கும் மகிழ்ச்சியில் வாய்விட்டுச் சொல்வதற்கும் உரியது. பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் மோதோஓரி நோரினாகா கெஞ்சி கதைக்கு அதையே உயிர் என்றார். ஓனோவுக்கு இது தெரியாததல்ல. நம்மைவிட ஆயிரம் மடங்கு தெரியும். ஆனால் அவலம் என்பது தமிழில் அந்த மகிழ்ச்சியைத் தொடுவதே இல்லை. இத்தகைய நெகிழ்வுகள் சேரச் சேர, ஒலி ஒற்றுமைகளைத் தற்செயல் என்று சொல்ல இடம் கிடைத்துவிடுகிறது. அவருடைய கருதுகோளை ஜப்பானிலும் வெளியிலும் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை.

நம் கிரிஸமேயையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரி என்றதும் நமக்கு மலை நினைவுக்கு வருகிறது. மலைமழை, ஆகவே சாரல் என்று துள்ளத் தோன்றுகிறது. நம் கிரி வடமொழி. அவர்கள் கிரி மூடுபனி. சருகு அசைவதற்கு அவர்களும் ஸரஸர என்கிறார்கள், நாமும் சரசர என்கிறோம். ஒலிக்குறிப்புகள் எந்த இரு மொழியிலும் ஒத்துப்போகலாம் என்பதால் ஒப்பியல் அறிஞர்கள் அவற்றைச் சான்றாக எடுப்பதில்லை. உறவு வேறு, ஒப்புமை வேறு. ஒப்புமை, கற்பவருக்குப் போதிய பரிசு. அதை வம்சாவளியாக்கிப் பெருமைப்பட வேண்டியதில்லை.

*

இதெல்லாம் சொல்லாராய்ச்சி விரும்பிகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத ஒரு காரணம் உண்டு. 2019 ஏப்ரலில் ஜப்பான் தனித்திறன் பணியாளர்களுக்குப் புதிய விசா முறையைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியா அதற்கான ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அந்தப் பணிகளுள் ஒன்று முதியோர் பராமரிப்பு.

ஜப்பானிய முதியவர் ஒருவர் வலியைச் சொல்லும்போது இரட்டைச் சொல்லில்தான் பெரும்பாலும் சொல்வார். ஸுக்கிஸுக்கி என்றால் நாடித் துடிப்போடு தெறிக்கும் வலி. சிக்குசிக்கு என்றால் ஊசி குத்துவது. ஹிரிஹிரி என்றால் தோல் எரிவது. ஆங்கிலம் இவற்றுக்குத் தனித்தனி அடைமொழி வைத்திருக்கிறது. ஆனால் நெல்லைச் சிற்றூரிலிருந்து போன பெண்ணுக்கு அந்த ஆங்கில அடைமொழிகளும் ஏட்டில் படித்தவையே. அவசரத்தில் அவை எல்லாம் 'பெயின்' என்ற ஒன்றாகக் கரைந்துவிடும். அவருடைய பாட்டியோ விண்விண்ணென்று தெறிக்கிறது, சுருக்சுருக்கென்று குத்துகிறது, திகுதிகுவென்று எரிகிறது என்று பிரித்துப் பிரித்துச் சொல்லியிருப்பாள். அந்தப் பாட்டியின் குரலோடு ஸுக்கிஸுக்கியைச் சேர்த்து வைத்திருந்தால், படுக்கையில் கிடப்பவர் சொன்ன கணத்தில் அது உடம்பில் உறைக்கும். ஒரு சொல் சரியாகப் போய்ச் சேர்வதில் இன்னொருவருடைய இரவுத் தூக்கம் அடங்கியிருக்கிறது.

குற்றாலத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1954இல் அங்கேயே மறைந்த ரசிகமணி டி.கே.சி., கவிதையைக் காதால் கேட்டு உணர்வால் அறிய வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியவர்; பதவுரை ஒருவரை வாசல் வரைக்கும்தான் கொண்டுவிடும் என்று காட்டியவர். மொழி கற்பதற்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஆங்கிலப் பத்தியைக் கிழித்தெறிய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வின்ஸ்லோவும் ஹெப்பர்னும் பிரீனும் கட்டிய பாலம் இல்லாவிட்டால் தென்காசியிலிருந்து ஜப்பானிய மொழியை எட்டுவது இன்னும் கடினமாக இருந்திருக்கும். பாலத்தைக் கடந்த பிறகு அதன் நடுவிலேயே குடியிருக்க வேண்டாம் என்பதே வேண்டுகோள். மனத்துக்குள் மட்டும் இருந்த அந்தத் தமிழ்ப் பத்தியைத் தாளில் வரைந்துகொள்ளலாம். ஆங்கிலத்தை மொழிபெயர்த்து அதை நிரப்பாமல், ஜப்பானிய வாக்கியத்தில் அந்தச் சொல் நடமாடும் விதத்தைப் பார்த்துவிட்டு, நம் வீட்டில், நம் தெருவில் அப்படி நடமாடும் சொல் எது என்று தேடி எழுதலாம்.

கிரிஸமேக்கு எதிரே அந்தப் பத்தியில் 'சாரல்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவைக்கலாம். புன்னைக்காயல் மந்திரத்திலும் தாய்நிச்சியிலும் இல்லாமல் போனது அந்தக் கேள்விக்குறிதான்.